உறை (ஜ) – ஒன்று

"விழுந்து தொலையேன்" என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே அந்தத் தோல் உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். உள்ளே இருந்த கைத்துப்பாக்கி அசையவில்லை. இன்னொரு முறை உலுக்கினேன். என் தோள்பட்டைதான் கழன்று விழும் போல இருந்தது.

"தம்பி, அது கொய்யா மரம் இல்ல" என்றார் சான்றுப்பொருள் அறை எழுத்தர். "பத்து நிமிஷம் குடுத்தோம். ஆறு போயிருச்சு."

சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. மூன்று மணிக்கு மாடியில் இருக்கும் விசாரணை அதிகாரி தன் அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் ஒரு காவலாளி கொலைமுயற்சி வழக்கில் உள்ளே போவான். பத்து வருடம் கூட ஆகலாம். அவன் மனைவி எனக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பேருந்தில் கண்டக்டர். காலை முறையைப் பாதியில் விட்டுவிட்டுச் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். தோளில் டிக்கெட் பை, மார்போடு அணைத்த ஒரு காகிதக் கவர். கணவனுடைய அடையாள அட்டை, போட்டோ, எல்லாம் அதற்குள்தான். கவரின் முகப்பில் இருந்த கண்ணாடித்தாள் வழியாக அவன் முகம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க குடு" என்று அண்ணி கையை நீட்டினார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. ஊருக்கு அவர் துப்பறிவாளர், நான் உதவியாளன். வீட்டில் அவர் சமைத்தால் நான் பாத்திரம் கழுவுவேன். வேலையிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

விஷயம் இது. தனியார் காவல் நிறுவனம் ஒன்றில் அந்த ஆளுக்குக் கிடங்கு வாசலில் வேலை. ஐந்து நாளைக்கு முன்னால், முறை மாறும்போது, துப்பாக்கியை வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப இடுப்பு உறையில் செருகினான். வெடித்துவிட்டது. அவன் நின்றது மேல்படி. இரண்டு படி கீழே நின்ற சூப்பர்வைசரின் தொடையில் குண்டு. "விசையில என் விரலே இல்ல. பழைய கவருங்க, வாய் தொளதொளன்னு மடங்கி உள்ள போச்சு, தோலுதான் விசைய இழுத்துச்சு" என்கிறான் காவலாளி. "என் மேல கோவம். வேணும்னே சுட்டான்" என்கிறார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சூப்பர்வைசர்.

ஆக, உறை மட்டமாக இருந்தால் ஆள் தப்பித்தான். நன்றாக இருந்தால் தொலைந்தான். உலகத்திலேயே மட்டமான உறையைப் பார்க்கும் ஆசையோடு நாங்கள் வந்திருந்தோம். நிறுவனம் ஒப்படைத்திருந்த உறையோ புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது.

அண்ணி துப்பாக்கியை உருவி வைத்துவிட்டு, காலி உறையின் வாயை இரண்டு விரலால் அமுக்கினார். மடங்கவில்லை.

"வாய் ஒட்டிக்கிட்டா மட்டம். இது ஒட்ட மாட்டேங்குது" என்றார். துப்பாக்கியை மறுபடி உள்ளே வைத்தார். "வெளியிலேருந்து விசையத் தொட முடியுதா பாரு."

குத்திப் பார்த்தேன். "முடியல அண்ணி. நகம்தான் ஒடிஞ்சுது."

"வெளிய எடுத்து ஒத்தக் கையால திருப்பிச் செருகு. கண்ண மூடிக்கோ."

செருகினேன். டக்கென்று போய் உட்கார்ந்தது. பத்து வருடம் பழகிய மாதிரி.

"தையல்?"

"ரெட்டைத் தையல். ஒரு நூல் பிரியல."

ஒவ்வொரு பதிலுக்கும் எனக்குப் பின்னால் டிக்கெட் பையில் சில்லறை லேசாகக் குலுங்கியது. திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

கடைசியாக அண்ணி, மேசையில் இருந்த காவலாளியின் பெல்ட்டை எடுத்து உறையின் பின்புறக் காதுகளில் நுழைத்தார். உறை பக்கவாட்டில் ஆடியது.

"காது அஞ்சு சென்டிமீட்டர். பெல்ட் நாலு" என்றார். "இத மாட்டிக்கிட்டு நடந்தா நாள் பூரா இழுத்து இழுத்து விட்டுக்கணும். காதுக்குள்ள தேஞ்சிருக்கணும். தேயவே இல்ல, பாரு."

"போட்டதே பன்னெண்டு நாள்தானேம்மா" என்றார் எழுத்தர். "பழசு நைஞ்சு போச்சுன்னுதான் புதுசு குடுத்தோம்னு நிறுவனமே சொல்லுது. வாங்கிக்கிட்டதுக்கு அவன் கையெழுத்து இருக்கே." ஒரு சீட்டை அண்ணி முன்னால் நகர்த்தினார்.

எண் 417. பொருள்: உறை (ஜ) – 1. பெற்றுக்கொண்டேன். கீழே கையெழுத்து. தேதி, வெடித்ததற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்.

"இந்த ஜ என்ன?" என்றார் அண்ணி.

"ஜனவரி ஒதுக்கீடாம்."

இந்தச் சீட்டைப் பற்றி நேற்றே லாக்கப்பில் காவலாளியிடம் கேட்டிருந்தோம். "கையெழுத்து என்னோடதுதான். ஆனா புதுக் கவர் எனக்கு வரவே இல்ல" என்றான். பிறகு ஏன்யா கையெழுத்துப் போட்ட என்றால், பதில் தரையில் எழுதி வைத்திருப்பது போலத் தரையையே பார்த்தான்.

போட்டோ எடுத்துக்கொண்டோம். பத்து நிமிடம் முடிந்தது. வெளியே வந்ததும் கண்டக்டரம்மா அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"அவரு பொய் சொல்ல மாட்டாருக்கா."

அண்ணி ஆமாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீ இந்த பெஞ்சுலயே உக்காரு. எங்கயும் போகாத" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

உறையின் உள்பக்கம் ஒரு சின்ன ஆமை முத்திரை இருந்தது. ஊரில் அந்த முத்திரைக்கு ஒரே கடை. ஸ்கூட்டரில் போனோம். சிக்னல் சிக்னலாக நின்று போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. கடைக்காரர் என் போனில் இருந்த படத்தைக் கண்ணாடியைத் தூக்கி ஒரு முறை, இறக்கி ஒரு முறை பார்த்தார்.

"எங்க சரக்குதான். யாருக்கு வித்தேன், என்னைக்கு வித்தேன், எதுவும் சொல்ல மாட்டேன். கடை வழக்கம்."

"பன்னெண்டு நாள் போட்ட தோலா இது? அத மட்டும் சொல்லுங்க" என்றார் அண்ணி.

"எனக்கென்னவோ போடாத தோல் மாதிரிதான் தெரியுது. ஆனா நாற்காலிய விட்டு எந்திரிக்காத காவலாளியும் இருக்கான் இல்ல? எழுதிக் குடுங்கன்னா குடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். இருந்த ஒரே நூலும் அறுந்தது. அண்ணி கடைக் கண்ணாடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளிடம் போய் என்ன சொல்வது? எனக்குத் துக்கம் வந்தால் வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, எனக்கு ஒரு கவர் குடுங்க. என் மூஞ்சியப் போட்டு மூடிக்கறேன்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "எந்தத் துப்பாக்கி? எந்தக் கை? பெல்ட் எத்தன அகலம்?"

"துப்பாக்கியே கெடையாதுண்ணே."

"அப்ப கவரும் கெடையாது. இந்த மூணும் தெரியாம ஒரு துப்பாக்கிக் கவரத் தூக்கி மேசையில வச்சா நான் வியாபாரியே இல்ல. அந்தந்தத் துப்பாக்கிக்கு அளவெடுத்து, ஈரத் தோல அது மேலயே அழுத்திக் காய வைக்கிறோம். வாங்கறவன் தலைகீழாப் புடிச்சு உலுக்கணும், வாய அமுக்கிப் பாக்கணும், விசை முழுசா மூடியிருக்கான்னு பாக்கணும். சட்டைன்னா ஒரு சுத்துப் பெருசா இருந்தாலும் மாட்டிக்கிட்டுப் போயிரலாம். இது தொளதொளன்னா வெடிச்சிரும்."

அண்ணி கண்ணைத் திறந்தார்.

வெளியே வந்ததும் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். "மூணு கேள்வி கேட்டாரு இல்ல? அந்தச் சீட்டுல மூணுக்கும் பதில் எங்க?"

"எங்க இருக்கு? ஜ மட்டும்தான் இருக்கு."

"அப்ப குடுத்தவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கான். ஒரே ஒரு பதிலத்தான் எழுதியிருக்கான். அந்த ஜ மாசம் இல்லடா. பதில்."

"என்ன கேள்வி அண்ணி?"

"அது கேட்டவனுக்குத்தான் தெரியும். நேராப் போய்க் கேட்டா வாயத் தொறக்க மாட்டான், கம்பெனி மேனேஜர் சொல்லி வச்சிருப்பான். அதனால காவலாளி எப்படிப் போய்க் கேட்டானோ அப்படியே நீ போய்க் கேளு." கண்டக்டரம்மா காலையில் கொடுத்திருந்த காவலாளியின் தொப்பியைப் பையில் இருந்து எடுத்து என் தலையில் கவிழ்த்தார். காது வரை இறங்கியது.

"இதுக்கும் அளவு பாத்து வாங்கியிருக்கலாம்" என்றேன்.

காவல் நிறுவனத்தின் பின்முற்றத்தில், கம்பி போட்ட ஒரு சதுர ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் பொருளறைக்காரர். பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அவர் 'நம்பர்'. காரணம் பார்த்தவுடன் புரிந்தது. நாற்காலி முதுகில் நம்பர். ஸ்டேப்ளரில் நம்பர். தண்ணீர்ச் செம்பில் நம்பர். பாதி தேய்ந்த அழிரப்பரில் கூடப் பொடியாக ஒரு நம்பர். மணி ஒன்று ஐம்பது. அண்ணி சுவர் மறைவில் நின்றார்.

"அண்ணே, ஒரு கவர் வேணும்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "சாதாவா, ஜன்னலா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துப்பாக்கிக்கு எதற்கு ஜன்னல்? காற்று வாங்கவா? "சாதா" என்று உளறினேன்.

சீட்டில் எழுதினார். எண் 432. உறை (சா) – 1. பெற்றுக்கொண்டேன். என் பக்கம் தள்ளினார். நான் மனதில் தோன்றிய ஒரு பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன். அவர் அலமாரியில் இருந்து ஒன்றை உருவி, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, மடிப்பைத் தூக்கி, அடியில் 432 என்று பொடியாக எழுதி நீட்டினார்.

கடிதம் போடும் கவர்.

அண்ணி பக்கத்தில் வந்து நின்றதே தெரியவில்லை.

"ஜனவரி இன்னும் முடியலையேண்ணே" என்றார் அண்ணி. "சா எங்கேருந்து வந்துச்சு?"

நம்பர் முதல் தடவையாக நிமிர்ந்தார். என் காது வரை இறங்கிய தொப்பியைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"இடுப்புல துப்பாக்கியோட ஒரு காவலாளி வந்து கவர் கேட்டா லெட்டர் கவரா குடுப்பீங்க?"

"இது எழுதுபொருள் குடுக்கற எடம்மா. ஆயுதச் சாமான் எதிர்க் கட்டடம். இங்க வந்து கவர்னா கவர்தான். கேட்டா கேட்டதக் குடுப்பேன், அவன் எதுக்குக் கேக்கறான்னு எனக்கெப்படித் தெரியும்? கம்பெனிக் காகிதம் அனுப்ப, அட்ரஸ் தெரியறாப்புல ஜன்னல் வச்சதுதான் நெறைய பேரு வாங்குவாங்க. அன்னைக்கு அவன் முழிச்சான், நானே ஜன்னல்னு போட்டுட்டேன். சீட்டெல்லாம் தமிழ்லதான் இருக்கணும்னு மேனேஜர் உத்தரவு. கவருக்குத் தமிழ்ல உறை. இதுல என் தப்பு என்ன?"

"உங்க தப்பு எதுவும் இல்ல. இதையே மூணு மணிக்கு முன்ன வந்து அதிகாரிகிட்ட சொல்லிருங்க. ஒரு ஆள் பொழச்சுப் போவான்."

அவர் கை கம்பிக்கு வெளியே வந்து சீட்டையும் கவரையும் என் விரல்களில் இருந்து பிடுங்கிக்கொண்டது.

"ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு எனக்கு. நகல் புத்தகத்த மேனேஜர் தூக்கிட்டுப் போயி நாலு நாளாச்சு. நான் உங்களப் பாக்கவே இல்ல." ஷட்டர் இறங்கியது. அதன் கீழ் மூலையிலும் ஒரு நம்பர்.

அண்ணி ஷட்டரைத் தட்டினார். கெஞ்சினார். அண்ணி யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கூட வரவில்லை.

முற்றத்து ஓரக் கல்லில் உட்கார்ந்தோம். இரண்டு ஐந்து.

"உண்மை தெரிஞ்சு போச்சு, சாட்சிதான் இல்ல" என்றேன். "இதுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். ஆமா, அந்த ஆளு ஏன் அண்ணி நேத்து வாயத் தொறக்கல? லெட்டர் கவர் குடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஒரு நல்ல கவர் குடுங்கய்யான்னு கேக்கற. உன் கையில லெட்டர் கவரத் திணிக்கறாங்க. நீ என்ன பண்ணுவ?"

"அங்க போய்க் கேளுன்னு அனுப்பினது சூப்பர்வைசராத்தான் இருக்கும். நேராப் போய் அவன் சட்டையப் புடிப்பேன். கிண்டலாடா பண்றன்னு கேப்பேன்."

"அவனும் புடிச்சிருப்பான். நாலு பேரு பாக்கப் புடிச்சிருப்பான். இப்ப கவர் கதையச் சொன்னா அந்தச் சண்டையையும் சொல்லணும். கோவம் இருந்துச்சுன்னு அவன் வாயாலயே ஒத்துக்கணும். அதான் தரையப் பாத்தான்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஷட்டர் மூலையில் இருந்த நம்பரையே பார்த்தார்.

"432 பென்சில்ல எழுதித்தானே குடுத்தான்? அப்ப 417-ம் எழுதித்தான் குடுத்திருப்பான். அந்தக் கவர் எங்க?"

"கிழிச்சு எறிஞ்சிருப்பாரு."

"எறிஞ்சாலும் எங்கயாவது விழுந்திருக்கணும்."

ஸ்கூட்டரை நான் ஓட்டிய விதத்தைப் பற்றி இங்கே எழுதினால் என் லைசென்ஸ் போய்விடும். இரண்டு ஐம்பதுக்கு அந்த பெஞ்சின் முன்னால் மூச்சு வாங்க நின்றோம். கண்டக்டரம்மா எழுந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து எதுவும் கிடைக்கவில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டது தெரிந்தது.

"ரெண்டு, ரெண்டரை வாரத்துக்கு முன்ன" என்றார் அண்ணி, "வீட்டுக்கு ஒரு காலிக் கவர் கொண்டு வந்தாரா? லெட்டர் போடற கவர்?"

அவள் யோசித்தாள். "கொண்டு வந்தாருக்கா. வந்ததும் வராததுமா மேசையில எறிஞ்சாரு. 'கவர் கேட்டேன், கவர் குடுத்துட்டாங்க'ன்னு ஒரு மாதிரி சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் புரியல. ராத்திரி சாப்பிடவும் இல்ல. நல்ல கவரா இருக்கேன்னு நான்தான் எடுத்து..."

நிறுத்தினாள். மெதுவாகக் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். கண்ணாடித்தாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து அவள் கணவன் எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். காலை முழுக்க அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மடிப்புக்கு அடியில..." என்று நான் கையை நீட்டினேன்.

"நானூத்திப் பதினேழு" என்றாள் அவள்.

அந்த எண்ணை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"பென்சில்ல இருக்கும் தம்பி. கண்டக்டர் இல்ல நான்? எங்க நம்பர் இருந்தாலும் கண்ணு தானாப் போயிரும்."

மடிப்பைத் தூக்கினோம். இருந்தது. அதே பொடி எழுத்து.

நான் படியை நோக்கிப் பாய்ந்தேன். அண்ணி நகரவில்லை. அவள் எதிரில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒண்ணு சொல்லிடறேன். இத மேல கொண்டு போனா, அந்தச் சீட்டு லெட்டர் கவருக்குப் போட்டதுன்னு தெரிஞ்சிரும். கம்பெனிக்காரன் வெடிச்சதுக்கப்புறம் புதுச வச்சு பழச ஒளிச்சதும் தெரிஞ்சிரும். ஆனா உன் வீட்டுக்காரரு அன்னைக்கு சூப்பர்வைசர் மேல கோவமா இருந்தாருங்கறதும் வெளிய வரும். கோவம்னு எழுதுவாங்க. அதுக்கும் சேத்துத்தான் நாம பதில் சொல்லணும்."

மாடியில் நாற்காலி நகரும் சத்தம். இரண்டு ஐம்பத்தாறு.

கண்டக்டரம்மா கவரின் மடிப்பை மூடினாள். பிறகு டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"கோவப்பட்டாருன்னு எழுதட்டும்க்கா. பட்டாருதானே. பொய் சொன்னாருன்னு எழுத வேணாம்."

எங்களுக்கு முன்னால் அவள்தான் படியேறினாள்.

அதிகாரியின் பேனா மூடி கழற்றப்பட்டு அறிக்கையின் மேல் படுத்திருந்தது. பக்கத்தில் அந்த விறைப்பான உறை, 417-ஆம் சீட்டு. "நேரம் முடியப் போகுது. புதுசா என்ன கொண்டு வந்திருக்கீங்க?" என்றார்.

அண்ணி காகிதக் கவரைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மடிப்பைத் தூக்கிக் காட்டினார்.

"உறை, சார். ஜன்னல் வச்சது. ஒண்ணு. இதத்தான் அவரு பெற்றுக்கொண்டாரு. இதுல அந்தத் துப்பாக்கி நுழையுதான்னு நீங்களே பாருங்க."

அவர் சீட்டைப் பார்த்தார். மடிப்பைப் பார்த்தார். மறுபடி சீட்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜ என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார். கடிகாரத்தில் மூன்று தாண்டியது. அண்ணி பொருளறை, நகல் புத்தகம், மேனேஜர், தேயாத பெல்ட் காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைய சண்டையையும் மறைக்காமல் சொன்னார்.

"நகல் புத்தகத்த வரவழைக்கணும்" என்றார் அதிகாரி கடைசியில், யாரையும் பார்க்காமல். "பொருளறை ஆளையும்." அறிக்கையை எடுத்துத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "இந்தக் கவர் இங்கயே இருக்கட்டும்."

கண்டக்டரம்மா கணவனின் போட்டோவையும் அட்டைகளையும் வெளியே எடுத்துக்கொண்டு, காலிக் கவரை நகர்த்தினாள். அதிகாரி ஒரு ரசீதுத் தாளை இழுத்து, 'உறை – 1, பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"எந்த உறைன்னு எழுதிக் குடுங்க சார்" என்றாள்.